தகரக் கொட்டகைக்குள் பெய்த மழை

போன வாரம் காலில் ஆணி குத்திவிட்டது. ஊசி போட்டுக்கொள்ள முடிச்சூர் ரோட்டு கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் பெண் சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து லேசாக அழுத்தினாள். முனையில் ஒரு சொட்டு மருந்து திரண்டு... விழலாமா வேண்டாமா என்று நின்றது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பயமா இருக்கா ஆன்ட்டி?"

"இல்லம்மா, மழை ஞாபகம் வந்துடுச்சு."

ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிபியும் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டாள்!

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஊசியால் மழை பெய்வித்துக்கொண்டிருந்தவள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. முடித்த கையோடு தாம்பரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளர் வேலை. கூடம் என்றால்... ரயில் பாதையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அவ்வளவுதான். என் மேலதிகாரி ஜேக்கப் சார். மழையில் மண்சரிவு எப்போது, எப்படி ஏற்படுகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. வானத்து மழைக்குக் காத்திருந்தால் வருஷத்தில் இரண்டு மாதம்தான் ஆராய்ச்சி நடக்கும். அதனால் மழையை உள்ளேயே செய்துவிட்டார்.

கூரை உயரத்தில், கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு தகரத் தொட்டி. அதன் அடியில் ஐந்நூறு ஊசிகள் — ஆஸ்பத்திரியில் முனை மழுங்கிக் கழித்துவிட்டவை. தொட்டியில் தண்ணீர் விட்டால் ஒவ்வோர் ஊசியிலும் சொட்டு திரளும், விழும். கீழே சாய்வாக ஒரு பெரிய மரப்பெட்டி, அது நிறைய மண். அதுதான் எங்கள் மலை. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி.

கண்ணாடி வழியாகப் பார்ப்பது என் வேலை. ஈரம் மண்ணுக்குள் இறங்குவது ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மெழுகுப் பென்சிலால் கண்ணாடி மேல் அந்தக் கோட்டை வரைய வேண்டும்.

வெளியே சித்திரை வெயில். ஜிஎஸ்டி ரோட்டில் தார் உருகும். உள்ளே மழை! மண் வாசனை... தகரத்தில் மோதித் திரும்பும் அந்தச் சலசலப்பு... எலெக்ட்ரிக் ட்ரெயின் போனால் தொட்டி லேசாக ஆடும்; மழை கொஞ்சம் சாய்ந்து பெய்யும். பெய்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி மறுபடி மேலே ஏற்றுவோம். ஒரே மழை, திரும்பத் திரும்ப. பாதி நேரம் விழித்திருந்தேனா, கனவு கண்டேனா என்று எனக்கே தெரியாது. கோடுகள் மட்டும் ஒழுங்காக இருக்கும்.

பெட்டியில் மண் கொட்டி, கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்துவது மங்கம்மாக்கா. கூலி வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும். தாம்பரத்தை ஒட்டிய பச்சைமலை அடிவாரத்தில் குடிசை. எங்களுக்கு மண்ணும் அங்கிருந்துதான் வரும். புடவை கட்டிக் கைப்பை மாட்டிய பெண்கள் எல்லாரும் அவருக்கு டீச்சர். அதனால் நானும் டீச்சர்.

வேலை முடிந்த பிறகும் போக மாட்டார். மழை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கேட்டார்.

"ஏன் டீச்சர், இந்த மலை சாய்வா கீது. எங்க வூட்டுக்குப் பின்னால அப்டி இல்லியே?"

"எப்படி இருக்குக்கா?"

"எடம் பத்தலன்னு எங்க வூட்டுக்காரரு கீய வெட்டி வுட்டுட்டாரு. சொவுரு மாதிரி நிக்குது. அதுக்குக் கீயதான் வூடு. அந்த மாதிரி ஒண்ணு செஞ்சி, மழை வுட்டுப் பாக்கலாமா?"

ஜேக்கப் சாரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த வாரம் அவர் வேலூர் போயிருந்தார். எனக்கோ நானே தனியாக ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை. இருபத்திரண்டு வயது இல்லையா?

மங்கம்மாக்கா கயிற்றில் முடிச்சுப் போட்டு உயரம் அளந்து வந்தார். முழத்துக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். அதே மண். அதே செங்குத்து வெட்டு. கடைசியில் இடுப்பிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து வெட்டுக்குக் கீழே வைத்தார்.

"இது எங்க வூடு."

சனிக்கிழமை மத்தியானம். தொட்டியைத் திறந்தேன். ஒரு மணி நேரம்... ஒன்றரை மணி நேரம்... கறுப்புக் கோடு மெதுவாக இறங்கியது. மலை அசையவில்லை. தண்ணீரை நிறுத்தினேன்.

"பாத்தீங்களாக்கா, ஒண்ணும் ஆகல!"

ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். பாதி டம்ளர் குடித்திருப்போம். மழை நின்றாலும் ஈரம் உள்ளே நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. சத்தமே இல்லாமல், உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வந்தவரைப் போல, மலை சரிந்தது.

தீப்பெட்டியைக் காணோம்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம்! அருமையான ரிசல்ட்! நேரத்தைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான் மங்கம்மாக்காவைப் பார்த்தேன். விரலால் சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தார். தீப்பெட்டி நசுங்கிப்போய் வந்தது. முந்தானையில் துடைத்து, முடிந்துகொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை ஜேக்கப் சார் வந்தார். பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ரெண்டடி மண்ணு எப்படி மலை ஆகும்? வேர் எங்கே? உள்ளே பாறை எங்கே? நீ பண்ணினது எக்ஸ்பெரிமென்ட் இல்லம்மா, ஜோசியம். அவங்க என்ன முடிவு எடுத்திருக்காங்களோ... உடனே போய்ச் சொல்லிட்டு வா."

ஓட்டமும் நடையுமாகப் போனேன். தாமதம்தான். குடிசையில் பாதிக் கூரை இல்லை. மங்கம்மாக்கா கீற்றுகளைப் பிரித்துத் தலையில் சுமந்து, நூறு அடி தள்ளிக் கட்டாந்தரையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கே நிழல் கிடையாது. கிணறும் தூரம். அவர் கணவர் கன்னியப்பன் கைகட்டி நின்றிருந்தார்.

"வாங்கம்மா! ரெண்டு பேருமா சேந்து டப்பால மழை வுட்டு என் வூட்டைப் பிரிச்சிட்டீங்களே! எங்கப்பா காலத்துலேர்ந்து நிக்கிற மலை இது!"

"அண்ணா, அதைச் சொல்லத்தான் சார் அனுப்பினாரு. நாங்க செஞ்சது பொம்மை மலை. அதை வெச்சு இது சரியும்னு சொல்ல முடியாது."

மங்கம்மாக்கா கீற்றோடு நின்றார். "அப்போ சரியாதுன்னு சொல்றீங்களா டீச்சர்?"

"...அதையும் சொல்ல முடியாதுக்கா."

கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா படிப்பும்மா இது!"

இன்றுவரை என் படிப்பை அதைவிடச் சரியாக யாரும் எடை போட்டதில்லை.

மங்கம்மாக்கா மட்டும் கோபப்படவில்லை. "கம்பு நட்டாச்சி. நீங்க போங்க டீச்சர்" என்று அடுத்த கீற்றை எடுக்கப் போய்விட்டார்.

ஐப்பசியில் நிஜ மழை வந்தது. மூன்று நாள், விடாமல். தினமும் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு பச்சைமலைக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அக்கறையால்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். உண்மை அது மட்டுமா? சரிந்தால் நான் சொன்னது சரியாகும் என்று மனசுக்குள் ஒரு மூலை காத்துக்கொண்டிருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்தச் சுவர் சரியவில்லை. ஒரு கூடை மண் உதிர்ந்திருக்கும். மழையில் குளித்து, சிவந்து, ஜம்மென்று நின்றது.

மழை விட்ட அன்று மங்கம்மாக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். புது வாசலில் ஈர விறகைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"தப்பு பண்ணிட்டேன்க்கா. அனாவசியமா உங்களைப் பேஜார் பண்ணிட்டேன். அது விழவே இல்ல."

"விழலன்னா நல்லதுதானே டீச்சர்?" சிரித்தார். "அங்க இருந்தப்போ மழை வந்தா புள்ளைங்கள வாசப்பக்கம் இழுத்துப் போட்டுகினு, விடிய விடிய குந்திகினே இருப்பேன். மண்ணு உதுர்ற சத்தம் கேக்குதா, கேக்குதான்னு காதை வெச்சிகினு. கல்யாணம் கட்டினு வந்ததுலேர்ந்து அப்டித்தான். இந்த மூணு நாளும் பட்த்தேன், தூங்கினேன். மழை இவ்ளோ நல்லா சத்தம் போடும்னே இப்பத்தான் தெரியும்."

குனிந்து ஈர விறகு இரண்டைத் திருப்பிப் போட்டேன். கொஞ்ச நேரம் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதிரில் மலை புகையாகத் தெரிந்தது. ஓலை நுனிகளிலிருந்து மிச்ச மழை சொட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு, எதையும் எண்ணாமல், எதையும் குறிக்காமல் பார்த்தேன்.

"அண்ணன் இன்னும் கோவமா இருக்காராக்கா?" என்று கேட்டேன்.

"அவரா? நீங்க வேற டீச்சர்... அந்தாளு வுட்ட கொறட்டைல மலை சரியாம நின்னதே பெரிசு!"