கல்லில் ஒரு வரி காலி

செடிக்குக் காவல் இருக்கறது சுலபமுங்க. செடியப் பாக்க வர்ற மனுசங்களுக்குக் காவல் இருக்கறதுதான் பெரும்பாடு.

கேட்டுல நின்னு காலு மரத்துப்போன வாட்ச்மேன்மாருகளே, உங்களுக்குத்தான் இதையெல்லாஞ் சொல்றேன். மத்தவங்களுக்குச் சொன்னா, ‘சும்மா உக்காந்து சம்பளம் வாங்குனவனுக்கு என்ன கதை’ம்பாங்க. எனக்கு ஊடு வெள்ளகோவில் பக்கம். பட்டாளத்துல லாரி ஓட்டீட்டு இருந்தவன். ரெண்டாயிரத்துச் சில்லறையில ஓய்வு வாங்கீட்டுத் திருப்பூருக்கு வந்தேன். இந்த ஊருல பட்டாளத்துக்காரன்னாவே கையில டார்ச்சு லைட்டக் குடுத்துக் கேட்டுல நிறுத்தீருவாங்க. எனக்கு வாய்ச்சது கம்பெனிக் கேட்டு இல்லீங்க, தோட்டத்துக் கேட்டு.

நாட்டுக்காக உசுரக் குடுத்த நம்ம பக்கத்துப் பசங்க நெனவா, பனியன் கம்பெனிக்காரங்க கமிட்டி போட்டு அமைச்ச தோட்டமுங்க அது. உள்ள ரெண்டு கல்லு. பின்னால வேப்பமரத்தடியில ஒண்ணு, இடுப்பு ஒசரம். செத்துப்போன பசங்க பேரு அதுல. கேட்டுக்கு நேரா இன்னொண்ணு, ஆளு ஒசரம், மொகம் பாத்துத் தலை சீவலாம். தோட்டத்துக்குப் பணங்குடுத்த மொதலாளிக பேரு அதுல. எதுல எழுத்து பெருசுன்னு நான் சொல்லோணுமா என்ன?

மத்தியானச் சோறு

வேலைக்குச் சேந்த புதுசுல நெம்ப வெறப்பா இருப்பேன். பக்கத்துக் கம்பெனியில சோறு திங்க எடமில்லீன்னு, மணி ஒண்ணானா ஒரு கூட்டம் தூக்குப்போசியோட வந்து வேப்பமரத்தடியில உக்காந்துரும். அந்தக் கல்லச் சுத்தி வட்டமா உக்காந்து, ரசஞ்சோறும் ஊறுகாயும். எனக்குப் பத்தீட்டு வந்துச்சு. ‘நெனவெடம்னு போர்டு இருக்குதல்ல, கண்ணு அவிஞ்சா போச்சு?’ன்னு ஒரு நாள் கத்தீட்டேன்.

அத்தனை பேரும் எந்திரிச்சுட்டாங்க. மதுரைப் பக்கத்துக் கட்டிங் மாஸ்டர் ஒருத்தரு மட்டும் நிதானமா கையக் கழுவிக்கிட்டு, கல்லு மேல சிந்துன பருக்கையத் துண்டுல தொடைச்சாரு. தொடைச்சுட்டுச் சொன்னாரு: “கோவிச்சுக்காதீங்கண்ணே. பட்டாளத்துல வரிசையா உக்காந்து சாப்புட்ட பசங்கதானே இவங்க, மத்தியானத்துல தனியா விட்டா நல்லாவா இருக்கும்?”

சொந்தத் தயாரிப்பு

கமிட்டித் தலைவரு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரரு. அண்ணனுந் தம்பியுஞ் சேந்து நடத்தற கம்பெனி. அண்ணன் பெரிய மொதலாளி, அவருதான் தலைவரு. தம்பி சின்ன மொதலாளி. வெளிநாட்டுக்காரங்ககிட்ட ஆர்டர் பேசறதுக்கு ஒரு மெர்ச்சண்டைசர் வெச்சிருந்தாங்க. நல்ல பையன்தான், ஆனா உலகத்துல இருக்கற எல்லாமே துணின்னு நெனப்பான்.

சுதந்திர தினத்துக்கு மொத நாள் சாயந்திரம் பார்சலோட வந்தான். ‘கொடிய நம்ம கம்பெனியிலயே பண்ணீட்டோமுங்க. மூணு கலருக்கும் ஷேடு பாத்து அப்ரூவல் வாங்கியாச்சுங்க’ன்னான். பிரிச்சுப் பாத்தா அட சாமி, பனியன் துணி! ‘கொடிக்குன்னு சட்டமிருக்குது கண்ணு, கதருல இருக்கோணும்’னேன். அவன் காதுலயே போட்டுக்கல. மடிப்புக் கலையட்டும்னு என்ற கொட்டகையில தொங்கப் போட்டுட்டுப் போயிட்டான். ராத்திரி தூறல் போட்டு, ஓட்டுச் சந்துல ஒழுகிருச்சு. பனியன் துணி நனைஞ்சா என்னாகும்னு திருப்பூருக்காரனுக்குச் சொல்லோணுமா? காத்தால பாத்தா ஒரு மொழம் நீண்டு தரையத் தொடப் பாக்குது. ஓடிப்போயி ஏந்தி மடிச்சு வெச்சுட்டு, பொட்டியில நான் வாங்கி வெச்சிருந்த கதர்க் கொடியத்தான் ஏத்துனோம். மெர்ச்சண்டைசருக்கு அப்பவும் மனசு ஆறல: “ஒரு வாஷ் போட்டிருந்தா சைஸ் சரியாயிருக்குமுங்கண்ணா.”

தலை குனிஞ்ச வெள்ளைக்காரர்

ஆர்டர் குடுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருத்தரு, இந்தத் தோட்டத்தப் பாக்கோணும்னு அவராவே கேட்டாரு. அவங்க தாத்தா ஏதோ சண்டையில போனவராமா. ரெண்டு மொதலாளிகளும் மெர்ச்சண்டைசருமா காருல கூட்டியாந்தாங்க. அவரு எறங்குனாரு, நேரா முன்னாலிருந்த பெரிய கல்லுகிட்டப் போனாரு, தொப்பியக் கழட்டுனாரு, கண்ண மூடித் தலையக் குனிஞ்சு நின்னுட்டாரு. பணங்குடுத்தவங்க கல்லுங்க அது!

‘சொல்லித் தொலைடா’ன்னு மெர்ச்சண்டைசரு காதக் கடிச்சேன். அவன் எப்படிச் சொல்லுவான்? கல்லுல மொத ரெண்டு பேருமே அவனுக்குச் சம்பளங் குடுக்கறவங்க, ரெண்டு பேரும் உசுரோட பின்னால நிக்கறாங்க. பெரிய மொதலாளி வேற வழியில்லாம அவரும் கண்ண மூடிக்கிட்டாரு. எனக்கு அழுகறதா சிரிக்கறதான்னு தெரியல. சின்ன மொதலாளிக்கு மட்டும் வேற கவலை. மெதுவா எம்பக்கஞ் சாஞ்சு சொன்னாரு: “பாத்தீங்களா பட்டாளத்தாரே, அஞ்சலியிலகூட நான் ரெண்டாவதுதானுங்க.”

லேபிள்

இனி சொல்றது செல்வராணி சமாச்சாரம். விளாத்திகுளம் பக்கத்துப் பொண்ணு, ஒரு கம்பெனியில செக்கிங் வேலை. ஞாயித்துக்கெழமையானா வந்து, வேப்பமரத்தடிக் கல்ல மேலிருந்து கீழ, கீழிருந்து மேலன்னு படிப்பா. மூணு நாலு வாரங் கழிச்சு, ‘என்ன அம்மிணி, யாரத் தேடறே?’ன்னு கேட்டேன். ‘எந் தம்பி முத்துக்குமாரு பேரு எங்கயாச்சும் இருக்கான்னு பாக்கேன் அண்ணாச்சி’ன்னா. அவளோட தம்பி இங்கதான் பனியன் கம்பெனியில அடுக்கிக் கட்டற வேலை பாத்திருக்கான். இங்கிருந்தே ஆளெடுப்புக்குப் போயிப் பட்டாளத்துல சேந்து, எல்லையில பனியில போயிட்டான். பொறந்த ஊருல அவனுக்குன்னு ஒண்ணும் வெக்கல. பெத்தவங்களும் போயிச் சேந்துட்டாங்க. தம்பின்னு ஒருத்தன் இருந்தான்னு சொல்ல ஒலகத்துல எங்கயாச்சும் ஒரு எடம் வேணும், அவ்வளவுதான் அவ கேட்டது.

நானே கமிட்டிக்குக் கூட்டீட்டுப் போனேன். பெரிய மொதலாளி கெட்டவரு இல்லீங்க, உக்காரச் சொல்லி டீ குடுத்துத்தான் பேசுனாரு. ‘மனசுக்குச் சங்கடமாத்தான் இருக்குது அம்மிணி. ஆனா இது நம்ம பக்கத்துப் பசங்களுக்குன்னு வெச்சது. வெளியூருக்குப் போட்டா எடம் பத்தாதுங்க’ன்னாரு. அவ அழுகல. டீய அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சா. வாசப்படிகிட்டப் போயித் திரும்பிச் சொன்னா: “கண்ணால பாக்காத சீமைக்காரன் பேரெல்லாம் கழுத்துல லேபிளா வச்சுத் தச்சு அனுப்புதோம். இங்கயே கிடந்து வேலை பாத்த புள்ள பேருக்கு இடமில்லையாங்கய்யா?”

ஏதாச்சும்

அதுக்கப்பறமும் அவ வராம இல்ல. பூ வெக்கறதுக்குப் பேரு இல்லாததால, கொண்டாந்த பூவ வேப்பமரத்துல சுத்தீட்டுப் போவா. எனக்குப் பாக்கவே ஆகாது. கொட்டகைக்குள்ள போயிக் கதவச் சாத்திக்குவேன்.

இதுக்கு நடுவுல அண்ணந்தம்பி கம்பெனி ரெண்டாப் போச்சுங்க. மிஷினு பிரிஞ்சுது, ஆர்டரு பிரிஞ்சுது, மெர்ச்சண்டைசர் யாருக்குன்னு சண்ட வேற. பெரிய மொதலாளி கமிட்டிய உட்டுட்டுப் போயிட்டாரு. சின்ன மொதலாளி தலைவராயி, மொத வேலையா திருமுருகன்பூண்டியிலிருந்து ஒரு சிற்பியக் கூட்டீட்டு வந்து பெரிய கல்லு முன்னால நிறுத்துனாரு. ‘மேல இருக்கற அந்தப் பேர மட்டும் எடுத்துருங்க’ன்னாரு. கூடப் பொறந்தவன் பேருங்க! மிஷின வெச்சு கர்ருன்னு தேச்சதுல அரை மணி நேரத்துல அண்ணன் போயிட்டாரு. அந்த எடம் சொறி புடிச்ச மாதிரி வெள்ளையா இளிச்சுது. சின்ன மொதலாளி காருல ஏறிக்கிட்டே சொன்னாரு: ‘காலியா உட்டா யாரு பேரு இருந்துச்சுன்னு ஊரு கேக்கும். பூவோ எலையோ, ஏதாச்சும் போட்டு நெரப்பச் சொல்லீருங்க பட்டாளத்தாரே.’

சிற்பி என்ற மொகத்தப் பாத்தாரு. நான் வேப்பமரத்தப் பாத்தேன். அதுல காஞ்ச பூச்சரம் தொங்கீட்டு இருந்துச்சு. மனசுக்குள்ள ஒரு பேரு ஓடுச்சு, வேலை போனாப் போகுதுன்னு அதச் சொல்லீட்டேன். சிற்பி உளிய எடுத்துக்கிட்டே சொன்னாரு: “பூவுன்னா ரெண்டு நாளாகுமுங்க. பேருன்னா மத்தியானத்துக்குள்ள முடிச்சுப் போடலாம்.”

மேல யாரு?

அடுத்த ஞாயித்துக்கெழமை செல்வராணி வழக்கம்போல வேப்பமரத்துக்குப் போகப் பாத்தா. ‘அங்க இல்ல அம்மிணி, இங்க பாரு’ன்னேன். பாத்தா. எழுத்து ஒவ்வொண்ணையும் வெரலால தடவுனா. அத்தன நாளா அழுகாதவ அன்னிக்குத்தான் ஓன்னு அழுதா. அழுகைக்கு நடுவுலயே, ‘பெரிய எழுத்தால்லா போட்டிருக்கு அண்ணாச்சி’ன்னு சிரிச்சா. நானும் அழுதேனுங்க, எனக்கென்ன வெக்கம்?

மாசக்கணக்கா யாரும் ஒண்ணுங் கேக்கல. வர்ற மொதலாளிக எல்லாரும் அவங்கவங்க பேர மட்டும் பாத்துட்டு, தூசி இருந்தாத் தொடைக்கச் சொல்லீட்டுப் போயிட்டாங்க. ஆனா தலைவரு கொடியேத்த வந்துதானுங்களே ஆகோணும்? சுதந்திர தினத்தன்னிக்கு வெள்ளை வேட்டியில வந்து எறங்குனாரு சின்ன மொதலாளி. அந்த நேரம் பாத்துச் செல்வராணி கல்லுல பூ வெச்சுட்டு இருக்கா. போச்சு, ஊருக்கு மூட்டை கட்டவேண்டியதுதான்னு நெனச்சுக்கிட்டேன்.

அவரு கிட்ட வந்து படிச்சாரு. மொகம் செவந்து போச்சு. ‘எங்கண்ணன் பேரு இருந்த எடத்துல யாருங்க இது?’ன்னாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவ கையக் கட்டிக்கிட்டு, ‘எந் தம்பிங்கய்யா’ன்னா. ‘எந்தக் கம்பெனி? என்ன குடுத்தாங்க?’ன்னு கேக்கப்போறாருன்னு பாத்தேன். அவரு கேட்டது வேற. ‘கூடப் பொறந்த தம்பீங்களா?’ன்னாரு. ‘ஆமாய்யா. ஒத்தத் தம்பி. அவன் பேரு போட உலகத்துலயே இந்த ஒரு வரிதான் கெடச்சுது’ன்னா. அவரு அந்தத் தேச்ச எடத்தையே பாத்துட்டு நின்னாரு. ஒரு வரி அழிக்க ஆளு கூட்டியாந்த மனுசனுக்கு அப்ப என்ன ஓடுச்சோ, எனக்குத் தெரியாதுங்க. கீழ உழுந்து கெடந்த மல்லிகைச் சரத்துத் துண்டு ஒண்ண எடுத்துத் திரும்பக் கல்லு மேலயே வெச்சாரு. கொடிக்கம்பத்துப் பக்கம் போறப்பத் திரும்பி எங்கிட்டச் சொன்னாரு: “உடுங்க பட்டாளத்தாரே, எம் பேரு ரெண்டாவதாவே இருந்துட்டுப் போகட்டும்.”

அதனால காவக்கார அண்ணன்மாருகளே, நான் கத்துக்கிட்டது இத்தனதான்: மொதலாளி ‘ஏதாச்சும்’ பண்ணுன்னு சொன்னாருன்னா, என்னன்னு திருப்பிக் கேக்காம அன்னிக்கே பண்ணி முடிச்சுரோணுமுங்க.