மதினியின் கையிலிருந்து நான் பறித்தது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, நண்பர்களே, மதினியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்ட நல்லது அத்தனையும் உண்மை. கூடவே, என்னைப் பற்றி நீங்கள் கேள்விப்படாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. வருடத் திதிப் பூசைக்கு வந்த இடத்தில் இதைப் படிக்க நேர்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதினி பிறந்தது சுரண்டையில். தகப்பனார் பயறு வகைகள் விற்கும் சிறு கடை வைத்திருந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுத் தென்காசிக்கு வந்தார்கள். அண்ணன் மரக்கடைக் கணக்கர். வருமானம் கைக்கும் வாய்க்கும் சரியாயிருந்தது. முதல் பிள்ளைக்குப் பிறக்கும்போதே உயிரில்லை. இரண்டாவது முப்பது நாள் இருந்தது. அதற்குப் பிறகு வயிறு திறக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மதினி கேட்டும் கேளாததுபோல் இருந்தார்கள். நானும் அந்த ஊரில் ஒருத்திதான்.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் தெருவிலேயே பேர்பெற்றது. மதினி முந்தின நாளே பஸ் ஏறிக் குற்றாலம் போய்ப் பாறைப்பாசி பறித்து வருவார்கள். சிரட்டைகளில் நெல் விதைத்து நாற்றும் வளர்த்து வைத்திருப்பார்கள். காலைப் பூசை முடிந்து வந்ததும் பாலன் இயேசுவின் சுரூபத்தைக் குடிலில் கிடத்துவது வீட்டுக்கு வந்த மருமகளின் உரிமை. பிறகுதான் நாங்கள் எல்லோரும் பாலன் காலில் உதடு வைத்து முத்தி செய்வோம்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆறு மாத மகனோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். பிள்ளை பெற்ற திமிர் என்று சொன்னால் அதுதான் சரி. அண்ணன் கறி வாங்கப் போயிருந்த நேரம். மதினி சுரூபத்தை முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இங்கன குடுங்க மதினி, இந்த வருசம் நான் வைக்கேன். ரெண்டைப் பறிகொடுத்த கை. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு?"

அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். பிறகு சுரூபத்தை என் கையில் வைத்தார்கள்.

"சரி ஏட்டி, நீயே வை. பாத்து, கால்பக்கம் விரிசல் இருக்கு."

அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய் முந்திரிக்கொத்து பொரித்தார்கள். நான் பாலனைக் கிடத்தினேன். சே, எப்படித்தான் மனது வந்ததோ! கை கூசவில்லை என்பதை நினைத்தால் இன்று உடம்பெல்லாம் கூசுகிறது.

மூன்று வருடம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சிவகிரியில் என் புகுந்த வீட்டில் எனக்குப் பெண் பிறந்து மூன்றாம் நாள் இறந்தது. பெற்றவள் பார்க்கக் கூடாது என்று பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே எடுத்தார்கள். அந்நேரம் வாசலில் மதினியின் குரல் கேட்டது.

"பெத்தவ பாக்காம எங்கன கொண்டு போறிய? இங்கன தாங்க."

துணிச்சுருட்டை மதினி கையில் கொடுத்தார்கள். மதினி வெந்நீர் கேட்டு வாங்கிப் பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள், சட்டை போட்டார்கள், என் மடியில் கொண்டுவந்து வைத்தார்கள். "ஒரு தடவை மாரோட அணைச்சிக்கோ ஏட்டி. எனக்கு யாரும் குடுக்கல" என்றார்கள்.

என்னைத் தென்காசிக்குக் கூட்டி வந்ததும் அவர்கள்தான். கிறிஸ்துமஸ் காலையில் சுரூபத்தை என்னிடம் நீட்டினார்கள். நான் பின்வாங்கினேன். "நான் தொட மாட்டேன் மதினி, என் கை..." என்றேன்.  எதைச் சொல்ல வந்தேன் என்று இருவருக்கும் தெரியும்.

"மாதாவும் பிள்ளையைப் பறிகொடுத்தவதானே ஏட்டி. அவ கையை யாரும் ஒதுக்கலையே. போன பிள்ளைய அங்கன மோட்சத்துல பாப்போம்னுதான் நான் வருசா வருசம் பாசி பறிக்கப் போறேன். இல்லாட்டி இந்தக் குடில் எதுக்கு? சும்மா வை."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நானும் நாலு அழுகை அழுது ஆறியிருப்பேன். பிள்ளை போன பிறகு எனக்குப் பிழைக்க வழி காட்டியது அந்த வார்த்தைதான். அதைத் தந்தவரிடமே மன்னிப்புக் கேட்க எனக்கு நா எழவில்லை.

சென்ற ஆண்டு மூச்சுத் திணறலில் மதினி படுத்தபோது பக்கத்திலேயே இருந்தேன். ஒரு நாள் துணிந்து, "மதினி, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன். "பழசைக் கிண்டாத. காப்பி ஆறுது, குடி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். நாலாம் நாள் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

கடைசி நேரத்தில் வந்து அவஸ்தைப் பூசுதல் கொடுத்த சாமியார் அவர்களுக்கும், வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், கஞ்சி கொண்டுவந்த நெசவுக்காரத் தெரு முஸ்லிம் தாய்மார்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த மரக்கடைத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அண்ணன் எழுதித் தந்த நன்றிப் பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருந்தது. அதை நான் கோடு போட்டு அடித்தேன். அண்ணன் கோபித்துக்கொண்டார்கள். "உம் மகன் பொறந்த வருசக் கிறிஸ்துமஸுக்குப் பாலன் வைக்கிற உரிமையையே ஆசையா ஒனக்கு விட்டுக்குடுத்தாளே. எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கா! அவளுக்கு உம்மேல அவ்வளவு உசிரு. நீ பேரை அடிக்கலாமா?" என்றார்கள்.

அண்ணே, மதினி விட்டுக்கொடுக்கவில்லை. நான் பறித்தேன்.