கஞ்சி போட்ட காடை ஊதல்

என் தங்கை புருஷனைப் போல ஒரு வெற்று ஜம்பக்காரனை நான் பார்த்ததில்லை. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில்தான் அவனும் நெய்தான். அறுபதுகளின் கடைசி. நெசவென்னவோ சுமார்தான், வாய் மட்டும் காது வரை.

தங்கை அப்போது மசக்கையில் வாடிப்போயிருந்தாள். எதைத் தின்றாலும் குமட்டல். ஒருநாள், "காடைச் சாறு கிடைச்சா ரெண்டு வாய் சோறு இறங்கும் போல இருக்குதுண்ணா" என்றாள். மாப்பிள்ளை மார்தட்டினான். "நாளைக்கே புடிச்சிக்கினு வரேன் பாரு!"

காடையைக் கூப்பிட ஊதல் வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவன் நான். பறவை பிடிக்கிற ஒருவரிடம் வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்றது. சுண்டுவிரல் நீளத்துக்கு நாணல் தண்டு, கண்ணாடிச் சில்லால் சுரண்டி மெலிதாக்கிய பனங்குருத்து நாக்கு, இரண்டையும் சேர்த்துக் கட்ட ஓர் இழை பட்டு. நாக்கு துடிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு செய்தேன்.

ஒன்றை வாங்கிப் பார்த்து அந்த மேதாவி உதட்டைப் பிதுக்கினான். "நாக்கு தொளதொளன்னு இருக்குது மச்சான். பாவுக்குப் போடற மாதிரி கஞ்சி போட்டாத்தான் விறைப்பா நிக்கும்."

தறியில் ஏற்றுமுன் தெருவில் நீட்டிக் கட்டிய பாவு நூலுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியை நாக்கில் தடவி வெயிலில் வைத்தான். எது தொய்ந்தாலும் அவனுக்குக் கஞ்சிதான் மருந்து. வாயில் வைக்கிற பொருள், எச்சில் பட்டால் கஞ்சி இளகிப் பசையாகிவிடும் என்று யோசிக்கக்கூட அந்த மண்டையில் ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. பட்டுத் தெளியட்டும் என்றிருந்தேன்.

மறுநாள் காலை சைக்கிளில் தென்னேரி ஏரிக்கரைக்குப் போனோம். புதரோரம் கண்ணி வைத்துவிட்டு ஊதினான். முதல் இரண்டு தடவை கணீரென்று வந்தது. தூரத்தில் ஒரு காடை பதில்கூடக் கொடுத்தது. என்னைத் திரும்பிப் பார்த்து இளித்தான். மூன்றாவது தடவை நாக்கு ஒட்டிக்கொண்டது. கன்னம் உப்ப, கண் பிதுங்க ஊதினான், வெறும் காற்று. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கஞ்சி படாத இன்னொன்று என் சட்டைப் பையில்தான் இருந்தது. அந்த மூஞ்சிக்கு அதை எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை.

வீடு வந்ததும் அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டான். நான் தங்கையிடம் அவன் ஊதியதை நடித்தே காட்டினேன். என் வேலையில் குறையில்லை என்று நிரூபிக்க, பையில் இருந்ததை எடுத்து ஊதினேன். அசல் காடைக் குரல்.

அவள் சிரிக்கவில்லை. "இது அங்கியே உங்கிட்ட இருந்துதா?"

"இருந்துதும்மா."

"அவருக்குத் தெரியாது, கஞ்சி போட்டாரு. நீ தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியாண்ணா? காலையிலேர்ந்து மிளகு அரைச்சி வச்சிக்கினு வாசலையே பாத்துக்கினு இருந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் அம்மியில் இருந்ததை வழித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். அன்று முழுக்க அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.