லெந்துக்குக் கொடுத்த தங்கச்சி

மக்கா, போன வாரம் போனில் பெரியவன் ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, லெந்துக்கு நீங்க என்னத்த விடுதீங்க?" பக்கத்திலிருந்து பெரியவள், "நான் மிச்சர விடுதேன், இவன் ஒண்ணையும் விட மாட்டான்" என்று சொன்னதும் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அதனால் பதிலை எழுதி அனுப்புகிறேன். கொஞ்சம் நீளம்தான். அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே வேலையாட்கள் தங்குகிற ராஸ் லஃபான் கேம்ப்பிலிருந்து பஸ் பிடித்துப் போகிற எங்கள் சபையில், லெந்து நாட்களுக்கான, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நோன்பு நாட்களுக்கான ஏற்பாடுகளை எல்லாம் அறிவித்துவிட்டார்கள். சாம்பல் புதன் ஆராதனையை, டியூட்டி முடிந்து வருகிறவர்களுக்காகச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். வெள்ளிதோறும் ஆராதனை முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறோம். நடுவில் ஒரு வெள்ளி வேறொரு கேம்ப்புக்குச் சாப்பாடு கொண்டு போகிறோம். நானே கேம்ப்பில் இருக்கிறவன், என்றாலும் போகிறேன். ஈஸ்டர் அன்று விடியுமுன்னே ஆராதனை, அது முடிந்து நேரே டியூட்டி.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் வயதில் லெந்துக்கு நான் என்ன கொடுத்தேன் என்று நினைவு வந்துவிட்டது.

அப்போது நாங்கள் அபுதாபியில் இருந்தோம். என் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, ஒரு கம்பெனியில் வேன் ஓட்டினார். நான் மூன்றாம் வகுப்பு. ஊரில் நாங்கள் வேறு சபைதான். ஆனால் அங்கே எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தமிழில் ஆராதனை நடந்தது ஒரு பிரஸ்பிட்டேரியன் சபையில். அதனால் அதுவே எங்கள் சபையாகிவிட்டது. அந்த ஊரில் வெள்ளிதான் லீவு. எனவே ஞாயிறு ஆராதனை வெள்ளிக்கிழமை, சண்டே ஸ்கூல் வெள்ளிக்கிழமை, குருத்தோலை ஞாயிறும் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கு இங்கிலீஷில் சண்டே என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சபையில் காரியங்களைப் பேசி முடிவெடுப்பது மூப்பர்கள். அவர்களில் ஒருவர் பேங்கில் வேலை பார்த்தவர், மடிப்புக் கலையாத சட்டை, ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசிக்கிறவர். ரொம்பக் கணீரென்று வாசிப்பார். ஒரு வெள்ளி அவர், "லெந்து காலம் ஆரம்பிக்கிறது. நமக்குள்ளதை விட்டுக்கொடுக்கிற நாற்பது நாட்கள்" என்றார்.

அந்த வாரம்தான் ஸ்கூலில் எங்கள் மிஸ் 'லெண்ட், லெந்து, லெந்து' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். கடன் கொடு, கடன் கொடுத்தான், கடன் கொடுத்த. எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. நம்மிடம் உள்ளதை ஒருவருக்கு நாற்பது நாள் இரவல் கொடுக்க வேண்டும், ஈஸ்டர் அன்று திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். இவ்வளவு நல்ல ஏற்பாடா நம் மதத்தில் என்று பெருமையாக இருந்தது. என்னத்தைக் கொடுப்பது என்று யோசித்தேன். சைக்கிளை நினைத்தேன். மனசு வரவில்லை.

உங்கள் அத்தைக்கு அப்போது மூன்று வயது. இப்போது நீங்கள் பார்க்கிற அமைதியான அத்தை இல்லை. என் கலர் பென்சிலை எல்லாம் முனை ஒடிக்கிறவள். தெரியாத ஆள் யார் கையை நீட்டினாலும் பார்த்ததுமே அலறுவாள். போதகர் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினால்கூட என் அம்மா அவள் வாயைப் பொத்தத் தயாராக இருப்பாள்.

லெந்தின் முதல் வெள்ளி, சபையார் முசஃபா பக்கம் ஒரு கேம்ப்புக்குப் போனோம். பிரசங்கம் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. எலுமிச்சைச் சாதம், முட்டை, சோப்பு, பேஸ்ட், அவ்வளவுதான். அங்கே சாரம் கட்டுகிற வேலையில் இருந்த ஒருவர், அரியலூர்ப் பக்கம், பெயர் கருப்பையா. பெரிய மீசை. தமிழ் கேட்ட சந்தோஷத்தில் எங்கள் பக்கத்திலேயே நின்றார். அம்மா இடுப்பிலிருந்த தங்கச்சியைப் பார்த்ததும், "வா பாப்பா" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

அவள் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். "எனக்கும் ஒரு பொண்ணுக்கா. நான் இங்க வந்தப்புறம் பொறந்துச்சு. இதே வயசுதான். இன்னும் நேர்ல பாக்கல. இப்பத்தான் கபீல், எங்க மொதலாளி, லீவு குடுத்துருக்காரு, ஈஸ்டருக்கு முன்னால டிக்கெட்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "அதுவும் என்னைப் பாத்தா இப்படித்தான் அழுவும்போல. வராம போயிருச்சுன்னா என்னக்கா பண்றது?" என்றார். வாய் சிரித்தது, முகம் சிரிக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. "மாமா, இவள நீங்க வச்சுக்கோங்க. லெந்து" என்றேன்.

"ரெண்டா? ஒண்ணே போதும் தம்பி" என்றார் அவர்.

"ரெண்டு இல்ல, லெந்து! ஈஸ்டர் வரைக்கும் வச்சுக்கிட்டுத் திருப்பித் தரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா என் தலையில் தட்டினார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீடு வந்ததும் அப்பாவிடம் சொன்னாள்: "பய சொன்னது சொன்னதுதான். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அந்த அண்ணன சபை ஹாலுக்குக் கூட்டிட்டு வாங்க. லெந்துக் கஞ்சி குடிச்ச மாதிரியும் இருக்கும். பிள்ளைட்டப் பழகின மாதிரியும் இருக்கும்."

அடுத்த வெள்ளி அப்பா அவரை வேனில் கூட்டி வந்தார். அறிவிப்பு வாசிக்கிற மூப்பர் அம்மாவிடம் மெதுவாக, "நாம கேம்ப்புக்குப் போறது வேறம்மா. அங்கேருந்து இங்க கூட்டிட்டு வர்றது வேற. கேட்ல செக்யூரிட்டி ஏதாவது கேட்டா நான்தானே பதில் சொல்லணும்" என்றார்.

"நாம அங்க போனா ஊழியம், அவுக இங்க வந்தா தொந்தரவா மூப்பரே?" என்றாள் அம்மா.

மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவரே போய்க் கருப்பையாவுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டு வந்து கொடுத்தார். ஊறுகாய் வேறு வைத்தார்.

கஞ்சி சுலபமாக முடிந்தது. தங்கச்சிதான் முடியவில்லை. அவர் வந்த அந்த முதல் வெள்ளி அம்மா அவளைக் கருப்பையா பக்கத்தில் பாயில் உட்காரவைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். தங்கச்சி மூச்சுப் பிடித்து அழுதாள். தூண் மறைவில் அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்தேன். உபவாசம், பசிக்கிறதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளி கருப்பையா மீசையை எடுத்துவிட்டு வந்தார். மீசையைப் பார்த்துத்தான் பாப்பா பயப்படுகிறது என்று ரூமில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மீசையோடு கொஞ்சம் பழகியிருந்த தங்கச்சி, இது யாரோ புது ஆள் என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"மீசை இல்லாம ஊருக்குப் போனா பொண்டாட்டியும் சேர்ந்து அழுவாய்யா" என்றார் அப்பா.

"அழட்டும்ணே, ரெண்டு பேரையும் ஒண்ணா சமாதானம் பண்ணிக்கறேன்" என்றார் கருப்பையா. ஆனால் அன்று அவர் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டார். வேனில் ஏறும்போது, "வுட்ருங்கண்ணே. எனக்காக இந்தப் புள்ளைய ஏன் வாராவாரம் அழ வைக்கறீங்க" என்றார். அம்மா கேட்கவில்லை. அதற்கடுத்த வெள்ளி பிஸ்கட் கொண்டு வந்தார். தங்கச்சி பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, அதைத் தின்றுகொண்டே அழுதாள். டிக்கெட் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

அவர் ஊருக்குப் போகுமுன் வந்த கடைசி வெள்ளி. சைட்டில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமலே வந்திருந்தார். பின்னால் பிள்ளைக்காரர்கள் உட்காரும் பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். போதகர் பிரசங்கத்தைத் தொடங்குவதற்குள் தலை தொங்கிவிட்டது.

தங்கச்சி கொஞ்ச நேரம் தூரத்திலிருந்து பார்த்தாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். நின்றாள். கை நீட்டாத, கூப்பிடாத, சிரித்துக் காட்டாத ஒரு பெரிய ஆளை அவள் அதற்குமுன் பார்த்ததில்லைபோல. கிட்டே போய்க் குனிந்து முகத்தைப் பார்த்தாள். மீசை முளைத்துக்கொண்டிருந்த இடத்தை ஒரு விரலால் தொட்டாள். "முள்ளு" என்று என்னிடம் சொன்னாள். பிறகு தன் கையிலிருந்த பாதி பிஸ்கட்டை அவர் சட்டைப் பைக்குள் திணித்தாள். கடைசியில் அது ஏதோ அவளுக்கென்று போட்டு வைத்த நாற்காலி மாதிரி அவர் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பிரசங்கத்தில் தூங்குகிற ஆளை எழுப்ப மூப்பர் பின்னால் வந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா கண்ணாலேயே ஒரு அதட்டல் போட்டாள். மூப்பர் பார்த்தார். நின்றார். அப்படியே சத்தமில்லாமல் திரும்பி முன்னால் போனார்.

பிறகு அறிவிப்பு வாசிக்க வேண்டும். வரப்போகிற குருத்தோலைப் பவனி, பெரிய வெள்ளி ஆராதனை, சிலுவையின் ஏழு வார்த்தைகளைப் பற்றிப் பேசப் போகிறவர்கள், ஈஸ்டர் காலை ஆராதனைக்கு வேன் எங்கெங்கே நிற்கும் என்பது எல்லாம் இருந்தது. கணீரென்று வாசிக்கிற அந்த மனிதர், அத்தனையையும் ரகசியம் சொல்வதுபோல வாசித்தார். சபையே முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்துக் கேட்டது. ஒருவர்கூட "கேக்கல" என்று சொல்லவில்லை.

நான் கருப்பையா பக்கத்தில்தான் இருந்தேன். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. கை இரண்டும் பாயில் அப்படியே கிடந்தன. ஆனால் மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தூங்குகிற ஆளுக்குக் கண்ணில் தண்ணீர் வருமா? நான் அம்மாவிடம் ஓடிப்போய், "அந்த மாமாவுக்குக் கண்ணு வலிக்கி, சொட்டு மருந்து இருக்கா?" என்று கேட்டேன்.

"சும்மா இரில" என்றாள் அம்மா. அவள் கண்ணும் வலிக்கிற மாதிரிதான் இருந்தது.

அன்று கிளம்பும்போது கருப்பையா தங்கச்சியை இரண்டு கையாலும் தூக்கி அம்மாவிடம் கொடுத்தார். "தம்பி, இந்தா, பத்திரமா திருப்பிக் குடுத்துட்டேன். கலாஸ், முடிஞ்சுது" என்றார். ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறதே, முன்கூட்டித் திருப்பித் தருகிறாரே என்று எனக்கு ஒரே ஏமாற்றம். தங்கச்சி அம்மா தோளிலிருந்து அவர் பக்கம் கையை நீட்டி, பழைய அலறலையே அலறினாள்.

"அக்கா! என்கிட்ட வரணும்னு அழுவுதுக்கா!" என்று அவர் சின்னப் பையன் மாதிரி குதித்தார். அப்பாவைப் பிடித்து உலுக்கினார்.

லீவு முடிந்து அவர் திரும்பி வந்து, எங்கள் வீட்டுக்கு முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். மீசை பழையபடி பெரிதாக இருந்தது. கதவைத் திறந்ததுமே அம்மா கேட்டாள்: "வந்தாளா?"

"மொத நாள் அழுதுச்சு. ரெண்டாம் நாளும் அழுதுச்சு. அப்புறம் நான் கட்டில்ல படுத்துத் தூங்குற மாதிரி கெடந்தேன்கா. வந்து மூக்கத் தொட்டுச்சு. தொட்டுட்டு அவங்க அம்மாகிட்ட ஓடிப்போயி, 'அந்த ஆளு முழிக்கவே மாட்டேங்குது'ன்னுச்சு." சொல்லி முடிக்குமுன்னே அவருக்குச் சிரிப்பு. எல்லோரும் சிரித்தோம். அம்மா டீ போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போனவள், டீ ஆறுகிற நேரம் வரைக்கும் வெளியே வரவில்லை.

மக்கா, அந்த வருடம் போதகர் என்னைப் பாராட்டி எல்லோர் முன்னாலும் பேசினார். லெந்துக்குத் தன் தங்கையையே கொடுத்த பிள்ளை என்றார். நானும் நம்பிவிட்டேன். அம்மா அந்த லெந்துக்குக் காப்பியை மட்டும்தான் விட்டாள், நான் எவ்வளவு பெரிதாகக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அழுகிற பிள்ளையை ஓடிப்போய்த் தூக்காமல், தூணுக்குப் பின்னால் நின்றவள் எதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. உங்கள் குட்டித் தங்கை, நான் இங்கே வந்த பிறகு பிறந்தபோதுதான் தெரிந்தது.

குட்டி போனில் எனக்கு முத்தம் கொடுக்கிறாள். எனக்குத் தெரியும், போனில் இருக்கிற அப்பா வேறு, வாசலில் வந்து நிற்கப் போகிற அப்பா வேறு. ஈஸ்டருக்கு லீவு கிடைத்திருக்கிறது. நான் வந்ததும் அவளைப் பிடித்து என்னிடம் தள்ளாதீர்கள். "அப்பாட்டப் போ, அப்பாட்டப் போ" என்று சொல்லாதீர்கள். அழுதால் உங்கள் அம்மாவே தூக்கிக்கொள்ளட்டும். பெரியவனே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். இந்த லெந்துக்கு நான் விடப்போவது என் அவசரத்தை.

நேற்று ஆராதனை முடிந்து எல்லோரும் கஞ்சிக்குப் போய்விட்டார்கள். நான் சண்டே ஸ்கூல் அறைக்குள் போனேன். யாரும் இல்லை. பிள்ளைகள் உட்காருகிற ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, அதில் ஒடுங்கி உட்கார்ந்தேன். முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் இருந்து பார்த்தேன்.