ஆட்டுப் புழுக்கையும் காற்றும்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நிழல் மரங்களை நாடாவால் அளக்கிறேன். காற்றில் கரியமில வாயு கூடக்கூட மரங்கள் வேகமாகப் பருக்கின்றனவா என்று பார்க்கத்தான் வருடந்தோறும் கண்டியிலிருந்து ஏறி வருகிறேன். போன வருடம் நோஞ்சானாக இருந்த மரம் நான்கு விரற்கடை பருத்திருக்கிறது. காற்றின் வேலைதான் என்று சந்தோஷமாக எழுதுகிறேன்.

கொழுந்துச் சாக்கை இறக்கிவைத்த செல்வராணி அருகில் வருகிறார்.

“இது தேறாதுன்னு போன தடவ சொன்னீங்கள்ல சார், பாவமா இருந்துச்சு. வருசம் பூரா ஆட்டுப் புழுக்க போட்டேன்.”

“பக்கத்து மரத்துக்கு?”

“அதுக்கு எதுக்குங்க? அத நல்லா இருக்குன்னு சொன்னீங்களே.”

அந்த மரத்தையும் அளக்கிறேன். அதே காற்றில்தான் நிற்கிறது; ஒரு நூல்கூடப் பருக்கவில்லை.

எழுதியதை அடித்துவிட்டுக் கேட்கிறேன்:

“எத்தன ஆடும்மா வச்சிருக்கீங்க?”