காசு ஏறிய பிறகுதான் சாவி

பழைய வண்டியை விற்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. முகம் தெரியாத வெளியூர்க்காரரிடமிருந்து அதற்குக் காசு வாங்கத்தான் தைரியம் வேண்டும். திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டில் நானும் என் வீட்டுக்காரர் அருளும் பழைய வண்டிக் கடை வைத்திருக்கிறோம். இன்ஜின் அவர் பொறுப்பு, யாவாரம் என் பொறுப்பு. போட்டோ எடுத்து நெட்டில் போட்டால் எங்கெங்கிருந்தோ போன் வரும். ஒரே ஒரு ஸ்கூட்டரையாவது இப்படி விற்றுவிட்டு, பேங்க் மெசேஜ் எப்போது வரும் என்று செல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

ஓசூர்க்காரர் அனுப்பிய படம்

கடை திறந்த முதல் வருஷம். ஓசூரிலிருந்து ஒருவர் எங்கள் லோடு வண்டியைப் போட்டோவில் மட்டும் பார்த்துவிட்டு, பேரமே பேசாமல் கேட்ட விலைக்கு ஒத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையிலேயே வண்டியை எடுத்துப்போக ஒரு டிரைவர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், அமைதியான மனுஷர். அதே நேரம் என் வாட்ஸ்அப்பில் பணம் அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்டும் வந்து விழுந்தது. முழுத்தொகை, பச்சை டிக், என் பெயர், எல்லாம் சரியாக இருந்தது.

சாவியை நீட்டிவிட்டேன். அருள்தான் குறுக்கே வந்து, பேங்க் மெசேஜ் வந்ததா என்று கேட்டார். வரவில்லை. கணக்கைத் திறந்து பார்த்தால் நேற்று இருந்ததே இருந்தது. ஓசூருக்குப் போன் போட்டேன். சர்வர் ஸ்லோ, சாயங்காலம் ஏறிவிடும், லோடு காத்திருக்கிறது, வண்டியை அனுப்புங்கள் என்று படபடத்தார். ஏறட்டும், அனுப்புகிறேன் என்றேன். போலீஸுக்குப் போவேன் என்று கத்தினார். வாங்க, சேர்ந்தே போவோம் என்றதும் லைன் கட்டானது. அப்புறம் அந்த நம்பர் உயிரோடு வரவே இல்லை.

வண்டி தப்பித்தது. டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த ஆள் அவரையும் போனில்தான் சம்பளம் பேசிப் பிடித்திருக்கிறான். அவர் தன் செல்லை எடுத்து ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, என் சம்பளத்தையும் அந்தாளு ஸ்கிரீன்ஷாட்டாத்தான் அனுப்பிருக்காரு."

வாங்குவதற்கு எதற்குப் பின் நம்பர்?

அடுத்து மாட்டியது அருள். வடக்கே ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், ஊரிலிருக்கும் தம்பிக்கு பைக் வேண்டும் என்று அவரிடம் பேசினார். யூனிஃபார்ம் போட்ட போட்டோ வேறு அனுப்பினார். அருளுக்கு அது போதும், உருகிவிட்டார். அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி உங்கள் பின் நம்பரைப் போட்டால் பணம் உங்களுக்கு வந்துவிடும் என்றார் அந்த ஆள். நான் உள்ளே ஆர்.சி. புத்தகம் தேடிக்கொண்டிருந்தேன். அருள் மூன்று எண்களைத் தட்டியும் விட்டார். நாலாவதையும் தட்டியிருந்தால் காசு வருவதற்குப் பதில் எங்கள் கணக்கிலிருந்து போயிருக்கும்.

சேவுகம்பட்டியிலிருந்து மொபட் பார்க்க வந்திருந்த வெங்காய விவசாயி சின்னச்சாமி பக்கத்தில் நின்றிருந்தார். சட்டென்று எட்டி அருள் கையிலிருந்த செல்லைப் பிடுங்கிவிட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்தேன். ராணுவத்துக்காரரைச் சந்தேகப்படலாமா என்று அருள் முறைத்துக்கொண்டிருந்தார். சின்னச்சாமி செல்லைத் திருப்பிக் கொடுக்காமலே கேட்டார்:

"ஏலே அப்பு, நானும் இம்புட்டு வருசமா வெங்காயம் விக்கிறேன். வாங்க வந்தவன் எவனாச்சும் என் பைக்குள்ள கையவிட்டு எனக்கே காசு எடுத்துக் குடுத்திருக்கானா?"

ஆயக்குடி வேன்

இந்த இரண்டுக்கும் பிறகு ஒரு சட்டம் போட்டேன். வெளியூர் யாவாரம் என்றால் பகல் நேரத்தில், பேங்குக்குள்ளே, இரண்டு தரப்பும் நேரில் உட்கார்ந்துதான். கணக்கில் காசு ஏறாமல் சாவியும் கிடையாது, கையெழுத்துப் போட்ட பெயர் மாற்ற ஃபாரமும் கிடையாது.

ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் பழனிசாமி தன் வேனை விற்றுத் தரச் சொன்னார். மகளுக்கு நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. விற்பனை அமைந்த அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் இடம் போய்விடும். வாங்க வந்தவர் நாகர்கோவிலில் பேக்கரி வைத்திருக்கும் தங்கராஜ். இல்லாத வேனுக்கு ஒருமுறை அட்வான்ஸ் அனுப்பி ஏமாந்தவர், அதனால் அவருக்கு எங்கள் மேல் சந்தேகம்.

கணக்கு நம்பர் சரிதானா என்று பார்க்க, முதலில் தங்கராஜை ஒரு ரூபாய் அனுப்பச் சொன்னேன். பழனிசாமி கணக்கில் விழுந்தது. பிறகு தங்கராஜ் தன் பேங்கின் திண்டுக்கல் கிளையில் மொத்தப் பணத்தையும் அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு அவர் கணக்கில் பணம் கழிந்தது. பழனிசாமி கணக்கில் ஏறவில்லை. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி. பணம் வழியில் இருக்கிறது, வந்துவிடும் என்றார் பேங்க் ஆபீசர். யாரும் சாப்பிடப் போகவில்லை. பழனிசாமி தங்கராஜைப் பார்ப்பார், தங்கராஜ் சாவியும் ஃபாரமும் வைத்து என் மடியிலிருந்த ஹேண்ட்பேக்கைப் பார்ப்பார். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மகள் போன் பண்ணினாள்.

மூன்றரை மணிக்குத் தங்கராஜ் விஷயம் என்னவென்று விசாரித்தார். ஃபீஸ் என்று தெரிந்ததும், காலேஜ் கணக்கு நம்பரைக் கொடுங்கள், நானே இப்போது செல்லிலிருந்து கட்டிவிடுகிறேன், பணம் வந்ததும் திருப்பித் தந்தால் போதும் என்றார். பழனிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என் பக்கம் திரும்பி, சாவியைக் கொடுத்துவிடுங்கள், இவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பட்டும் என்றார். யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி ஹேண்ட்பேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நான்கு மணி ஆகப் பத்து நிமிஷம். பழனிசாமியின் செல் 'டிங்' என்றது. முழுப் பணமும் ஏறியிருந்தது. பேங்க் என்றும் பார்க்காமல் நான் கைதட்டிவிட்டேன். அடுத்த கால் மணியில் ஃபீஸ் கட்டி, ரசீது வந்துவிட்டது என்று மகள் அழுதுகொண்டே போன் பண்ணினாள். சாவியும் ஃபாரமும் தங்கராஜ் கைக்குப் போயின. இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்கள். வாசலில் பழனிசாமி திரும்பி நின்று என்னிடம் சொன்னார்:

"ஏனுங்கம்மா, நாங்க ரெண்டு பேரும் நம்பிட்டமுங்க. கடைசி வரைக்கும் நீங்கதானுங்க நம்பல."

வண்டி ஓட்ட லைசென்ஸ் கேட்டால்தான் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள், விற்ற வண்டிக்குக் காசு வாங்க அப்படி ஒரு பரீட்சை வைத்திருந்தால் நம்மில் பாதிப் பேர் இன்னும் காலை ஊன்றிக்கொண்டுதான் நிற்போம்.