இறம்பொடையில் ஏறிய பச்சை வளையம்

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முதல் நாள். இறம்பொடையில் நிற்கும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சைப்ரஸ் இலையால் கட்டிய பெரிய வளையத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஒருவர் ஏறுகிறார். உடனே பேச்சு அடங்குகிறது. முன்னால் இருக்கும் பெரியவர் தலைப்பாகையை அவிழ்க்கிறார். என் பக்கத்தில் இருந்தவர் எழுந்து இடம் கொடுக்கிறார். இந்தப் பக்கம் வளையம் போனால் அது சாவு வீட்டுக்குத்தான்.

ஈர இலை என் கையில் உரசுகிறது. தயங்கித் தயங்கிக் கேட்கிறேன். "யாருங்க தவறினது?"

"யாருமில்லீங்க," என்று என் காதருகே சொல்கிறார். "நத்தாருக்குத் துரை பங்களாக் கதவுல வருசா வருசம் நான்தான் கட்டுறேன். இந்த வருசம் எங்க தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலுக்கும் ஒன்னு. நசுங்காமக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். சொல்லிராதீங்க, எழுப்பி விட்டுருவாங்க."

வளைவுகளில் வளையத்தின் மறுபக்கத்தை நானும் பிடித்துக்கொள்கிறேன்.

அவர் இறங்கும்போது கண்டக்டர் அவர் தோளைத் தொடுகிறார். "மனசைத் தேத்திக்கங்க, அண்ணே."

அதற்கு மேல் வளையக்காரருக்குப் பொறுக்கவில்லை. கீழே நின்று, ஓர் இலைகூட உதிராத வளையத்தைத் தூக்கிக் காட்டுகிறார். "சாவு இல்லீங்க தம்பி, பொறப்பு. நாளைக்குக் கோயிலுக்கு வாங்க, பலகாரம் இருக்கு."

பஸ் முழுக்கச் சிரிப்பு. பெரியவர் தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொள்கிறார்.